நோகாத கண்ணைக் காட்டுங்கள்

(மன்னார் நகரில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கண் கிளினிக்கில் வேலை செய்கிற எவரும் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. “டொக்டர், கண் நோகேல்லை, சிவக்கவும் இல்லை. போன மாசம் மட்டும் நல்லாத்தான் தெரிஞ்சது.” இதைச் சொல்பவருக்குப் பெரும்பாலும் ஐம்பது வயது தாண்டியிருக்கும். சீனி வருத்தத்துக்குப் பல காலமாகக் குளிசை போடுபவராக இருப்பார். அவர் சொல்வது முழு உண்மை. அவருடைய விழித்திரையில் இரத்தக் குழாய்கள் பழுதாகத் தொடங்கி ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆனால் விழித்திரைக்கு நோவு தெரியாது. நோவை உணரும் நரம்பு அங்கே இல்லை. பார்வையின் நடுப்பகுதியைத் தொடும்வரை அந்த நோய் எந்த அடையாளமும் காட்டாது.

கண் நோய்களில் காத்திருப்பவையும் உண்டு, காத்திராதவையும் உண்டு. எது எந்த வகை என்பதை நோவு சொல்லாது, பரிசோதனைதான் சொல்லும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அந்தப் பரிசோதனைகள் எவை, ஒவ்வொன்றும் எதைத் தேடுகிறது என்று நீங்கள் அறிந்திருந்தால், கிளினிக் வாங்கிலில் இருக்கும் நேரம் உங்களுக்கு அந்நியமாக இராது.

காத்திருக்கும் நோயை முதலில் சொல்கிறேன். வெண்புரை. ‘கண்ணில் பூ விழுந்திருக்கு’ என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் இலங்கை முழுவதும் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 40 வயதுக்கு மேற்பட்டோரில் 1.7 வீதத்தினர் பார்வையற்றவர்கள் என்று தெரியவந்தது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குக் காரணம் வெண்புரை. வருத்தமான கணக்குத்தான். ஆனாலும் அதில் ஆறுதல் உண்டு: வெண்புரையால் போன பார்வை பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையால் திரும்பி வரும். ஆறு மாதம் பிந்தினாலும் வரும்.

வெண்புரையைத் தேடும் வேலை சுவரில் தொங்கும் எழுத்து அட்டையில் தொடங்குகிறது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரத்துக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன் 1862இல் வகுத்த அட்டை அது. ஆறு மீற்றர் தூரத்தில் நின்று பார்க்கும்போது, நல்ல கண் வாசிக்கும் எழுத்தின் உயரம் ஒன்பது மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதைத்தான் 6/6 என்று உங்கள் கொப்பியில் எழுதுகிறார்கள். 6/60 என்றால், நல்ல கண் அறுபது மீற்றரில் வாசிப்பதை நீங்கள் ஆறு மீற்றரில்தான் வாசிக்கிறீர்கள் என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் நாலு திசையில் திரும்பிய ஆங்கில ‘E’ எழுத்து வடிவ அட்டை இருக்கிறது. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கையால் காட்டினால் போதும். படிக்கவில்லை என்று கூச்சப்பட்டுப் பரிசோதனையைத் தவிர்க்கும் தாய்மார் சிலர் இங்கே இருக்கக்கூடும். அம்மா, உங்களுக்காகவே செய்த அட்டை அது.

பிறகு ஒரு கறுப்பு மூடியை நேர்ஸ் கண்ணில் பிடிப்பார். அதில் ஊசித்துளை இருக்கும். அதன் வழியே பார்க்கும்போது எழுத்து தெளிந்தால் கண்ணாடி போட்டுச் சரிசெய்யலாம். தெளியவில்லை என்றால் கண்ணுக்குள் வேறு காரணம் தேடவேண்டும். ஐந்து சதமும் செலவில்லாத சோதனை. இலட்சக்கணக்கான ரூபாய் பெறுமதியான எந்தக் கருவியையும்விட இந்தத் துளை என்னை அதிகம் கவர்ந்திருக்கிறது.

நாடியை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டியில் அழுத்தி இருக்கச் சொல்லி, மெல்லிய கீற்று ஒளியைக் கண்ணில் பாய்ச்சும் கருவியை எல்லோரும் அறிவீர்கள். அதுதான் கீற்று விளக்கு. சுவீடன் நாட்டு அல்வார் குல்ஸ்ட்ராண்ட் 1911இல் அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு அவர் கண்ணின் ஒளியியலுக்காக நோபல் பரிசும் பெற்றார். அந்தக் கீற்றுக்குள் கருவிழியின் மேற்படலம், கண்மணி, வில்லை எல்லாம் அடுக்கடுக்காகத் தெரியும். வெண்புரை எவ்வளவு முற்றியிருக்கிறது என்பது இங்கேதான் தெரியவரும்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் ஒரு அளவு எடுப்பார்கள். கண்ணின் நீளம். இதைக் கடற்றொழில் செய்பவர்கள் நொடியில் விளங்கிக்கொள்வீர்கள். வள்ளத்தில் பூட்டியிருக்கும் எக்கோ சவுண்டர் ஒலியை அனுப்பி, அது அடியில் மோதித் திரும்பும் நேரத்தைக்கொண்டு ஆழம் சொல்கிறதல்லவா? ‘ஏ-ஸ்கான்’ என்பதும் அதேதான். கடல்நீரில் ஒலி செக்கனுக்குச் சுமார் 1500 மீற்றர் ஓடும். கண்ணுக்குள் இருக்கும் நீரில் 1532 மீற்றர். வளர்ந்தவருடைய கண்ணின் நீளம் ஏறத்தாழ 23 அல்லது 24 மில்லிமீற்றர். இதில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால், உள்ளே வைக்கும் செயற்கை வில்லையின் வலு இரண்டரை முதல் மூன்று டயொப்டர் வரை பிழைத்துவிடும். அந்தக் காலத்தில் வெண்புரை எடுத்த பெரியவர்கள் சோடாப் போத்தல் அடிபோன்ற தடித்த கண்ணாடி போட்டுத் திரிந்தது நினைவிருக்கும். அப்போது வில்லையை எடுப்பார்கள், மாற்று வைப்பதில்லை. இலண்டனில் ஹரல்ட் ரிட்லி 1949 நவம்பரில் முதலாவது செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் வைத்தார். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஓரோலாப் தொழிற்கூடம் 1992இல் அதை மலிவாகச் செய்யத் தொடங்கிய பிறகுதான் நம்மைப் போன்ற ஏழை நாட்டவருக்கு அது எட்டியது. ஆகவே ‘அளவு எடுக்க இன்னொரு நாள் வாருங்கள்’ என்று சொன்னால் சலிக்காதீர்கள். அந்த ஒரு மில்லிமீற்றருக்காகத்தான் கூப்பிடுகிறார்கள்.

நம் கரையோரத்துக்கே உரிய ஒன்றையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். வெயில், மணல், கடல் மேல் தெறிக்கும் ஒளி, சோளகக் காற்று எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் வாங்கிய கண்ணில், மூக்குப் பக்கத்திலிருந்து முக்கோணமாகச் சதை வளரும். அது கருவிழியை இழுத்து அதன் வளைவை மாற்றிவிடும். வளைவை அளக்கும் கருவி அப்போது பொய்யான எண்ணைக் காட்டும். அந்த எண்ணை நம்பி வில்லை வைத்தால் பார்வை சரிவராது. அதனால்தான் சிலருக்கு முதலில் சதையை எடுத்து, சில மாதம் ஆறவிட்டு, பிறகு வெண்புரைக்கு வரச் சொல்கிறார்கள். அலைக்கழிப்பதற்காக அல்ல. கடலுக்குப் போகும் தம்பிமார் விளிம்புத் தொப்பியும் புறவூதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடியும் போட்டால் அந்தச் சதை வளரும் வாய்ப்பே குறையும்.

இனிக் காத்திராத நோய்களுக்கு வருகிறேன்.

கண்மணியை விரிக்கும் துளிமருந்தை விடுவார்கள். அரைமணி நேரம் இருக்கச் சொல்வார்கள். பிறகு வெளிச்சம் கூசும், கிட்டத்தில் உள்ளது நாலு ஐந்து மணி நேரம் மங்கலாகத் தெரியும். மோட்டார் சைக்கிளில் தனியே வந்தவர்கள் இதைக் கேட்டதும் “இன்னொரு நாள் பார்ப்பம்” என்று எழும்பிப் போய்விடுகிறார்கள். இந்த மாவட்டத்தில் எத்தனை கண்களின் விதி அந்த ஒரு வசனத்தில் முடிந்திருக்கிறதோ என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

உடம்பில் தோலை வெட்டாமல் இரத்தக் குழாயை நேரடியாகப் பார்க்கக்கூடிய அரிய இடம் விழித்திரை. ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் தம் கருவியை வெளியிடும்வரை உயிருள்ள மனிதனுடைய விழித்திரையை மருத்துவ உலகம் பார்த்ததில்லை. கண்மணி ஏன் கறுப்பாகத் தெரிகிறது என்ற கேள்வியிலிருந்தே அவர் தொடங்கினார். உள்ளே வெளிச்சத்தை அனுப்பி, அதே பாதையில் திரும்பும் ஒளியைப் பிடிக்க ஒரு வழி செய்தார். இன்று அதே வேலையை ஒரு கமரா செய்கிறது. விழித்திரைக் கமரா எடுத்த படத்தில் சீனி வருத்தத்தின் முதல் அடையாளம் சிவப்பு ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரியும். அவை குழாய்ச் சுவரில் விழுந்த சிறு வீக்கங்கள். அடுத்துக் கசிவு, மஞ்சள் படிவு, இரத்தத் திட்டு. கடைசியில் புதிதாக முளைக்கும் பலவீனமான குழாய்கள். அவை உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். “கறுப்புத் தூசி பறக்குது, திரை விழுந்தமாதிரி இருக்குது” என்று ஓடிவருவது அப்போதுதான்.

முதற் புள்ளியில் பிடித்தால் சீனியையும் பிறசரையும் கட்டுப்படுத்தியே பல ஆண்டுகள் காக்கலாம். இடையில் பிடித்தால் லேசரோ ஊசியோ உதவும். கடைசியில் பிடித்தால் மிஞ்சியதைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. லேசர், போன பார்வையைத் திருப்பித் தருவதற்கு அல்ல, இருப்பதைக் காப்பதற்கு. ஆகவே வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக வரும் வகைச் சீனி வருத்தம் என்று தெரிந்த அன்றே கண்ணைக் காட்டவேண்டும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையாவது காட்டவேண்டும். சீனி வருத்தமுள்ள பெண் கருவுற்றால் அந்தக் காலத்தில் இன்னும் நெருக்கமாகப் பார்க்கவேண்டும்.

படம் மட்டும் போதாதபோது இரண்டு வழி உண்டு. ஒன்று, கைநரம்பில் ஃப்ளூரெசின் என்ற சாயத்தை ஏற்றி, அது விழித்திரைக் குழாய்களில் ஓடும்போது படம் எடுப்பது. 1961இல் அமெரிக்காவின் இந்தியானாவில் இரண்டு மருத்துவ மாணவர்கள் இதன் முடிவுகளை வெளியிட்டார்கள். சாயம் ஏற்றிய பின் தோல் மஞ்சளிக்கும், சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். ஓரிரு நாளில் சரியாகிவிடும், பயப்படாதீர்கள். மற்றது ஓ.சி.டி. ஸ்கான். 1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது. விழித்திரையின் பத்து அடுக்குகளையும் வெட்டிப் பார்த்தமாதிரிக் காட்டும். ஒரு மில்லிமீற்றரின் இருநூறில் ஒரு பங்கு அளவுள்ள மாற்றமும் தெரியும். ஸ்கான் என்றதும் “கதிர் அடிக்குமோ?” என்று கேட்கிறார்கள். இல்லை. எக்ஸ் கதிர் இதில் இல்லை, வெறும் ஒளிதான். நோகாது. சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

முள்ளிக்குளத்திலிருந்தோ தலைமன்னார் முனையிலிருந்தோ ஒருவர் ஒரு ஸ்கானுக்காக யாழ்ப்பாணமோ கொழும்போ போகவேண்டிவந்தால் அது ஒரு நாள் தொழில், பஸ் காசு, துணைக்கு வரும் மகனுடைய ஒரு நாள் தொழிலும்கூட. இதற்கு வழி இருக்கிறது. ஆளுக்குப் பதில் படம் பயணம் செய்யலாம். மதுரையில் டொக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி, அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பின், 1976இல் 11 கட்டில்களோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய கையால் அறுவைச் சிகிச்சை செய்தவர் அவர். அந்த மருத்துவமனை 2004 முதல் கிராமங்களில் சிறு கண் நிலையங்களைத் திறந்தது. பயிற்சி பெற்ற பெண் பிள்ளைகள் அங்கே பரிசோதிப்பார்கள், படம் எடுப்பார்கள்; மருத்துவமனையில் இருக்கும் டொக்டர் திரையில் நோயாளியோடு பேசி முடிவு சொல்வார். 2016இல் கூகுள் ஆய்வாளர்கள், விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சீனி வருத்தப் பாதிப்பைச் சொல்லும் கணினி முறையை ‘ஜாமா’ இதழில் வெளியிட்டபோது, அதைப் பயிற்றுவிக்க உதவிய படங்களில் மதுரை அரவிந்தினதும் சென்னை சங்கர நேத்ராலயாவினதும் படங்களும் இருந்தன. பாக்கு நீரிணைக்கு அப்பால் நடப்பது மன்னார்க் கரையில் நடக்க முடியாதது அல்ல. ஒவ்வொரு சீனி வருத்தக் கிளினிக்கிலும் ஒரு விழித்திரைக் கமரா இருக்கவேண்டும். நன்கொடை கொடுக்க விரும்பும் வெளிநாட்டு உறவுகள் என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். கூடவே அதை இயக்கப் பழகிய ஒருவருடைய சம்பளத்தையும் சேர்த்துக் கேட்பேன்.

காத்திராத மற்ற நோய் குளுக்கோமா. கண்ணுக்குள் அமுக்கம் கூடி, பார்வை நரம்பை ஓரத்திலிருந்து தின்னும். நடுப்பார்வை கடைசிவரை இருப்பதால் எழுத்து அட்டையில் 6/6 வாசிப்பார். ஆனால் பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியாது, வாசற்படி தடுக்கும். தென்னிந்தியாவில் நடந்த ஆய்வுகளில், இந்த நோயின் பொதுவான வகை இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது இருப்பதையே அறியாதிருந்தார்கள். அமுக்கத்தைப் பார்க்க, மரத்துப்போகும் துளிவிட்டு, நீல ஒளியில் சிறு முனையால் கண்ணைத் தொட்டு அளப்பார்கள். காற்றை ஊதி அளக்கும் கருவியும் உண்டு. 10 முதல் 21 வரை வழமையான அளவு. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும்: அமுக்கம் 18 என்று வந்தால் நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அளவு சரியாக இருந்தே நரம்பு பட்டுப்போகும் வகையும் உண்டு. ஆகவே நரம்பின் நடுக் குழியைப் பார்ப்பது, பக்கப் பார்வையை அளப்பது, ஓ.சி.டி.யால் நரம்பு நாரின் தடிப்பை எடுப்பது எல்லாம் சேர்ந்தால்தான் முடிவு. பக்கப் பார்வைச் சோதனையில் சிறு வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். களைப்பாக இருக்கும், சிலர் அழுதுவிடுவார்கள். அதிலுள்ள பாதிப் புள்ளிகளை நல்ல கண்ணும் தவறவிடும்படிதான் அந்தக் கருவி அமைக்கப்பட்டிருக்கிறது. தெரியவில்லை என்று கலங்கவேண்டாம். தாய்க்கோ தகப்பனுக்கோ கூடப்பிறந்தவருக்கோ குளுக்கோமா இருந்தால், நாற்பது வயதானதும் நீங்கள் காட்டியே ஆகவேண்டும். நோன்பு காலத்தில் துளிமருந்தை நிறுத்த நினைக்கும் பெரியவர்கள், நிறுத்துவதற்கு முன் உங்கள் டொக்டரிடமும் மௌலவியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மணித்தியாலக் கணக்கில் ஓடவேண்டிய ஒன்றையும் சொல்லவேண்டும். நம் தீவு பனைகளின் தீவு. ஓலை கிழிக்கும்போது, வேலி அடைக்கும்போது கண்ணில் ஓலை நுனி கீறும். அன்று பெரிதாக ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்துக் கருவிழியில் வெள்ளைப் பொட்டு வரும். மதுரையில் 1990களில் நடந்த ஆய்வொன்றில், கருவிழிப் புண்ணில் கிருமி அகப்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பூஞ்சணம்தான் காரணம். புண்ணைச் சிறிது சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஐதரொட்சைட்டு ஒரு துளி விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பூஞ்சண நூல்கள் சில நிமிடத்தில் தெரியும். இது தெரியாமல் கடையில் வாங்கிய ஸ்ரெரொயிட் துளியை விட்டால் பூஞ்சணம் கொழுக்கும். முலைப்பால் விடுவது, பச்சிலைச் சாறு விடுவது, நாக்கால் தூசி எடுப்பது எதுவும் வேண்டாம். தழும்பு விழுந்த பிறகு மாற்றுக் கருவிழி தேடவேண்டியிருக்கும். டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தானச் சங்கத்தின் மூலம் பல நாடுகளுக்குக் கருவிழி கொடுத்த நாடு நம்முடையது. ஆனாலும் அழற்சி பிடித்த கண்ணில் ஒட்டிய கருவிழி நிலைப்பது கடினம். கீறிய அன்றே வாருங்கள்.

போர் இந்தக் கரையைத் தாண்டிப் போனது. செல் துண்டுகள் இன்னும் பலருடைய உடம்பில் இருக்கின்றன. கண்ணுக்குள்ளோ கண்குழியிலோ இரும்புத் துண்டு இருக்கும் ஒருவரை எம்.ஆர்.ஐ. ஸ்கானில் படுக்கவைத்தால், அதன் காந்தம் துண்டை அசைத்துக் கண்ணைக் கிழித்துவிடக்கூடும். தலையிடிக்கோ முதுகு நோவுக்கோ எம்.ஆர்.ஐ. எழுதினாலும், “எனக்கு முகத்தில் காயம் பட்டது, துண்டு இருக்கலாம்” என்று முதலிலேயே சொல்லுங்கள். எக்ஸ் கதிர்ப் படமோ சி.டி. ஸ்கானோ எடுத்துப் பார்த்த பின்தான் அனுப்புவார்கள். அந்த நாட்களைப் பற்றிப் பேச விரும்பாதவர்கள் பலர் என்று தெரியும். எங்கே, எப்போது, யாரால் என்று எவரும் கேட்கத் தேவையில்லை. துண்டு இருக்கிறது என்ற ஒரு வசனம் போதும். துண்டு கண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டால் இரும்புத் துரு காலப்போக்கில் விழித்திரையை நஞ்சாக்கும். அப்போது நோவில்லாமல் இருந்தாலும் இப்போது காட்டவேண்டும்.

பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாக. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையைப் பிறந்து நாலு வாரத்துக்குள் பார்க்கவேண்டும். போனில் எடுத்த படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாக மின்னினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அது கண்புற்றாகவும் இருக்கலாம். ஒரு கண் மட்டும் மங்கலான பிள்ளை அதைச் சொல்லாது, மற்றக் கண்ணால் சமாளிக்கும். ஏழு எட்டு வயதைத் தாண்டினால் அந்தக் கண்ணைப் பழக்கி எடுப்பது கடினம். ஆசிரியர்களே, பாடசாலையில் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிச் சோதிப்பது உங்கள் கையில்.

ஆண்டுக்கு ஒருமுறை என்றால் நாள் மறந்துபோகிறது என்கிறார்கள். பள்ளிமுனையில் கண்களுக்குக் காவலான புனித லூசியாவின் கோவில் இருக்கிறது. அவருடைய திருநாள் டிசெம்பர் 13. கத்தோலிக்கர் அந்தக் கிழமையை வைத்துக்கொள்ளலாம். சைவர்களுக்குத் திருக்கேதீச்சரச் சிவராத்திரி, முஸ்லிம்களுக்கு நோன்புப் பெருநாளை அடுத்த வாரம். எந்த நாளானாலும் சரி, வீட்டுக் கலண்டரில் இன்றே வட்டம் போடுங்கள்.

வரும்போது கிளினிக் கொப்பி, பழைய கண்ணாடி, போடும் குளிசைகள், துளிமருந்துப் போத்தல்கள், முன்பு எடுத்த ஸ்கான் தாள்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுவாருங்கள். ஓ.சி.டி. தாளும் பக்கப் பார்வைத் தாளும் பழையதோடு ஒப்பிட்டால்தான் நோய் நின்றிருக்கிறதா, நடக்கிறதா என்று தெரியும். அவற்றை மடிக்காமல், மழையில் நனையாமல் வைத்திருங்கள். துளிவிடுவார்கள் என்று எண்ணியே வாருங்கள். மோட்டார் சைக்கிளை ஓட்ட இன்னொருவரையும் கூட்டிவாருங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம், நான் இங்கேதான் இருக்கிறேன்.